துப்பாக்கியைத் தின்னும் உப்பு!

மலிவு விலையில் பட்டாளத்துத் தோட்டா வாங்குகிறவர்களின் கதை

அமெரிக்காவில் ஒரு சிறிய ஊர். சனிக்கிழமை மாலை.

ஒருவர் துப்பாக்கி சுடும் மைதானத்தில் இருந்து வீடு திரும்புகிறார். அவர் கையில் ஒரு பழைய ரஷ்யத் துப்பாக்கி. அன்று 100 தோட்டாக்கள் சுட்டுப் பழகி இருக்கிறார். எல்லாம் பட்டாளத்தில் கழித்து விற்ற தோட்டாக்கள். புதுத் தோட்டாவைவிட விலை குறைவு.

அவருக்குக் களைப்பு. துப்பாக்கியைத் துணியால் துடைக்கிறார். குழலுக்குள் கொஞ்சம் எண்ணெய் விடுகிறார். அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் படுக்கப் போகிறார்.

ஒரு வாரம் கழித்து எடுக்கிறார். விளக்கைக் காட்டிக் குழலுக்குள் பார்க்கிறார்.

உள்ளே செம்மண் பூசியது போலத் துரு!

அவர் திகைக்கிறார். மழையில் நனையவில்லை. தண்ணீர் படவில்லை. எண்ணெயும் போட்டாயிற்று. பிறகு துரு எப்படி வந்தது?

இது ஒருவருக்கு மட்டும் நடக்கும் சங்கதி அல்ல. 100 ஆண்டுகளுக்கு மேலாக, பல நாடுகளில், பல பேருக்கு நடந்தது. இப்போதும் நடக்கிறது.

குற்றவாளி யார் தெரியுமா? உப்பு! நம் வீட்டுச் சமையல் உப்புக்குத் தம்பி முறையான ஓர் உப்பு.

அந்த உப்பு துப்பாக்கிக்குள் எப்படிப் போகிறது? அதைப் போக்க என்ன வழி? பார்ப்போம்.

கடைக்கு வந்த போர்ச் சரக்கு

போர் என்றால் தோட்டா வேண்டும். ஒவ்வொரு நாடும் கோடிக்கணக்கில் தோட்டா செய்து அடுக்கி வைக்கும். போர் முடிந்துவிடும், தோட்டா மீந்துவிடும். அல்லது பட்டாளத்துக்குப் புதுமாதிரித் துப்பாக்கி வரும். பழைய தோட்டா அதற்குப் பொருந்தாது.

அப்படி மீந்த சரக்கை அரசாங்கங்கள் விற்கின்றன. வியாபாரிகள் மொத்தமாக வாங்குகிறார்கள். அதற்குப் பெரிய சந்தை அமெரிக்கா.

2-வது உலகப் போருக்குப் பிறகு அங்கே இந்த வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது. பல நாட்டுப் பட்டாளத் துப்பாக்கிகள் தபாலிலேயே வீடு தேடி வந்தன. 1963-ல் ஜனாதிபதி கென்னடியைக் கொன்ற துப்பாக்கியும் அப்படித் தபாலில் வாங்கிய இத்தாலிப் பட்டாளத் துப்பாக்கிதான். தொலைநோக்கியோடு சேர்த்து அதன் விலை 19 டாலர் 95 சென்ட்!

1968-ல் கடுமையான சட்டம் வந்தது. தபால் வியாபாரம் நின்றது. பட்டாளத் துப்பாக்கிகளின் இறக்குமதியும் நின்றது. 1984-ல் பழங்காலத் துப்பாக்கிகளுக்கு மட்டும் மறுபடியும் வழி திறந்தார்கள்.

1991-ல் சோவியத் யூனியன் கலைந்தது. கிழக்கு ஐரோப்பாவின் கிடங்குகள் திறந்தன. "மோசின் நாகண்ட்" என்ற ரஷ்யத் துப்பாக்கிகள் அமெரிக்காவுக்குக் கப்பல் கப்பலாகப் போயின. 1891-ல் ரஷ்யப் பட்டாளம் ஏற்றுக்கொண்ட மாதிரி அது.

தோட்டாக்களும் கூடவே போயின. தகரப் பெட்டியில் காற்றுப் புகாமல் அடைத்த தோட்டாக்கள். ஒரு தகரத்தில் 440. இரண்டு தகரம் சேர்ந்தது ஒரு மரப்பெட்டி, மொத்தம் 880. மீன் டப்பாவைத் திறப்பதுபோல் அதற்கென்று உள்ள திறப்பானால் வெட்டித் திறக்க வேண்டும்.

2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு தகரம் 100 டாலருக்கும் குறைவாகக் கிடைத்தது. துப்பாக்கியும் ஏறக்குறைய அந்த விலைக்கே கிடைத்தது. சனங்கள் விடுவார்களா? அள்ளிக்கொண்டு போனார்கள்.

தோட்டாவுக்குள் என்ன?

தோட்டாவில் 4 பகுதிகள் உண்டு.

முன்னால் இருப்பது குண்டு. பறந்து போவது அதுதான்.

குண்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது கூடு. அது பித்தளையில் இருக்கும். சில நாடுகளில் இரும்பில் இருக்கும்.

கூட்டுக்குள் இருப்பது வெடிமருந்து.

கூட்டின் அடியில், நடுவில், வட்டமாகச் சிறு பொட்டு ஒன்று இருக்கும். அதுதான் மருந்துக்குத் தீ வைப்பது.

தீபாவளிக்குக் குழந்தைகள் பொட்டு வெடி வெடிக்கிறார்கள் அல்லவா? அடி விழுந்தால் "டப்" என்று வெடிக்கும். தோட்டாவின் பொட்டும் அப்படியே. துப்பாக்கியின் விசையை இழுத்தால் உள்ளே ஒரு முள் வந்து பொட்டைக் குத்தும். பொட்டு வெடிக்கும். அந்தத் தீ மருந்துக்குத் தாவும். மருந்து எரிந்து வாயுவாகும். வாயு குண்டைத் தள்ளும்.

எல்லாம் கண் இமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும்.

நம் கதைக்கு வில்லன் வெடிமருந்து அல்ல. அந்தச் சின்னஞ்சிறு பொட்டுதான்!

தீக்குச்சியின் உறவு

சிவகாசித் தீக்குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட் என்ற ரசாயனம் இருக்கிறது. குச்சி குப்பென்று பற்றிக்கொள்ளப் பிராணவாயு வேண்டும். அதைக் கொடுப்பது இந்த ரசாயனம்.

பழைய பட்டாளத் தோட்டாக்களின் பொட்டிலும் இதே ரசாயனம்தான்.

எரியும்போது அது தன்னிடம் உள்ள பிராணவாயுவைக் கொடுத்துவிடுகிறது. மிஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு. அது ஓர் உப்பு.

ஒவ்வொரு முறை சுடும்போதும் இந்த உப்பு புகையோடு புகையாகக் குழல் முழுவதும் படிகிறது. கண்ணுக்குத் தெரியாது. 100 தடவை சுட்டால் 100 பூச்சு!

மழைக் காலத்தில் அடுக்களை உப்பு ஜாடியைப் பாருங்கள். உப்பு கசிந்து நீர் விட்டிருக்கும். காற்றில் உள்ள ஈரத்தை அது இழுத்துக்கொள்கிறது. குழலில் படிந்த உப்பும் அப்படித்தான் ஈரத்தை இழுக்கிறது. உப்பும் ஈரமும் சேர்ந்தால் இரும்பு என்ன ஆகும்? கடற்கரை ஊர்களில் ஜன்னல் கம்பிகளைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியது இல்லை.

அரிசோனா போன்ற வறண்ட பகுதியில் துரு மெதுவாக வரும். லூசியானா, புளோரிடா போன்ற ஈரமான பகுதியில் ஒரே ராத்திரியில் தொடங்கிவிடும்.

துருவைத் தேய்த்து எடுத்துவிடலாமே என்று கேட்கலாம். மேல் துருவை எடுக்கலாம். ஆனால் துரு அரித்த குழி போகாது. குழலுக்குள் திருகாணி மரைபோல் பள்ளங்கள் வெட்டி இருப்பார்கள். குண்டு சுழன்று நேராகப் போவதற்கு அந்தப் பள்ளங்கள்தான் காரணம். அரிப்பு அந்தப் பள்ளங்களின் விளிம்பைத் தின்றுவிட்டால் குறி தவறும். போன இரும்பு திரும்பி வராது.

எல்லோரையும் ஏமாற்றிய துரு

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது.

அந்தக் காலத்தில் கரிமருந்து போட்டுச் சுட்டார்கள். புகையும் கரியும் குழலில் அப்பிக்கொள்ளும். பார்க்கவே சகிக்காது. ஆகவே சுட்டவர்கள் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். கரியோடு உப்பும் போய்விட்டது.

1886-ல் பிரெஞ்சுப் பட்டாளம் புகை இல்லாத மருந்துக்கு மாறியது. மற்ற நாடுகளும் பின்தொடர்ந்தன. புது மருந்தில் கரி அதிகம் இல்லை. குழல் பளபளவென்று தெரிந்தது. "இனி எதற்குத் தண்ணீர்?" என்று பலர் விட்டுவிட்டார்கள்.

அழுக்கு தெரிந்தபோது கழுவினார்கள். அழுக்கு கண்ணுக்குத் தெரியாமல் போனதும் கழுவுவதை நிறுத்தினார்கள். துரு பிடித்துக்கொண்டது!

புது மருந்தில் அமிலம் இருக்கிறது என்று பலர் நினைத்தார்கள். ஆளுக்கொரு எண்ணெய், ஆளுக்கொரு திரவம் என்று பூசிப் பார்த்தார்கள். துரு நிற்கவில்லை.

கடைசியில் அமெரிக்க அரசாங்கத்தின் சுரங்கத் துறையைச் சேர்ந்த வில்பர்ட் ஹஃப் என்ற ஆராய்ச்சியாளர் முடிச்சை அவிழ்த்தார். 1922-ல் அவருடைய அறிக்கை வெளிவந்தது. துருவுக்குக் காரணம் பொட்டில் இருந்து வரும் உப்பு என்று அவர் காட்டினார். எண்ணெய்ப் படலத்துக்கு அடியில்கூட அந்தத் துரு வளர்கிறது என்பதையும் காட்டினார்.

எண்ணெய் ஏன் உதவவில்லை? வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். ஒரு கரண்டி நல்லெண்ணெயில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் கலக்குங்கள். உப்பு கரையாது; அடியில் அப்படியே கிடக்கும். அதே உப்பைத் தண்ணீரில் போடுங்கள். நொடியில் காணாமல் போய்விடும்.

துப்பாக்கியிலும் அதே கணக்குத்தான். எண்ணெய் உப்பை மூடுகிறது, நீக்குவது இல்லை. திருடனை வீட்டுக்குள் வைத்துக் கதவைப் பூட்டியதுபோல் ஆகிறது.

துருவுக்கு மருந்து தண்ணீர்!

ஆகவே, துரு வராமல் இருக்க இரும்பில் தண்ணீர் ஊற்ற வேண்டும்! கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் உண்மை.

பிரிட்டிஷ் பட்டாளத்தில் இந்தப் பழக்கம் இருந்தது. சிப்பாய்கள் சுட்டு முடித்ததும் புனலை வைத்துக் கொதிக்கும் தண்ணீரைக் குழலில் ஊற்றினார்கள். சூட்டில் இரும்பும் சீக்கிரம் காய்ந்துவிடும்.

இன்றும் விஷயம் தெரிந்தவர்கள் செய்வது இதுதான்:

முதலில் துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்து உறுதி செய்கிறார்கள். பின்பக்கத்துத் தாழைக் கழற்றுகிறார்கள். குழலில் வெந்நீர் ஊற்றுகிறார்கள். தாழின் முகத்தையும் கழுவுகிறார்கள். உப்பு அங்கேயும் படியும். கம்பியில் உலர்ந்த துணி சுற்றி, ஈரம் போகும்வரை துடைக்கிறார்கள். கடைசியாகத்தான் எண்ணெய்.

இதை மறுநாளைக்கு ஒத்திப்போடக் கூடாது. சுட்ட அன்றே செய்ய வேண்டும்.

கண்ணாடி துடைக்கும் திரவத்தைத் தெளிப்பவர்களும் உண்டு. அதில் உள்ள அம்மோனியா உப்பை முறித்துவிடும் என்று சொல்வார்கள். உண்மையில் வேலை செய்வது அதில் கலந்துள்ள தண்ணீர்! குழாய்த் தண்ணீர் செய்கிற வேலைக்குக் காசு கொடுக்கிறார்கள்.

தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கியானால் வேலை அதிகம். அதில் வெடிப்பு வாயுவின் ஒரு பங்கு தனிக் குழாய் வழியாகப் போய் இயந்திரத்தை இயக்குகிறது. அந்தக் குழாயிலும் உப்பு படியும். அமெரிக்காவின் "எம்-1 காரண்ட்", ரஷ்யாவின் "எஸ்.கே.எஸ்." இரண்டும் இந்த வகை. குழலுக்குள் குரோமியம் பூசிய துப்பாக்கிகள் துருவைக் கொஞ்சம் தாங்கும். ஆனால் பூச்சு இல்லாத மற்ற பாகங்களை உப்பு விடாது.

தெரிந்தும் ஏன் மாற்றவில்லை?

காரணம் 1922-லேயே தெரிந்துவிட்டது. துருப் பிடிக்க வைக்காத பொட்டும் 1920-களிலேயே கடைக்கு வந்துவிட்டது. பிறகும் பட்டாளங்கள் பழைய பொட்டை ஏன் பிடித்துக்கொண்டிருந்தன?

போரில் துருவைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால் சிப்பாயின் உயிர் போய்விடும். பழைய பொட்டு பல ஆண்டுகள் கிடங்கில் கிடந்தாலும் கெடாது. குளிரிலும் வெடிக்கும். ஆரம்பத்தில் வந்த புதுப் பொட்டுகளில் அந்த நம்பிக்கை இல்லை. துப்பாக்கியைக் கழுவச் சிப்பாய்க்கு உத்தரவு போடலாம். வெடிக்காத தோட்டாவுக்கு உத்தரவு போட முடியுமா?

அமெரிக்கப் பட்டாளம் 1950-களின் தொடக்கத்தில்தான் பெரும்பாலும் மாறியது. ஒரே ஒரு விலக்கு "எம்-1 கார்பைன்" என்ற சிறு துப்பாக்கி. அதன் வாயுப் பாகத்தைச் சிப்பாய் எளிதில் கழற்றித் துடைக்க முடியாது. ஆகவே அதன் அமெரிக்கத் தோட்டாவுக்கு 2-வது உலகப் போரிலேயே புதுப் பொட்டு வைத்தார்கள். ரஷ்யாவிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் பழைய பொட்டு இன்னும் பல ஆண்டுகள் நீடித்தது.

பாதரசம் செய்யும் வேலை

சில பழைய பொட்டுகளில் பாதரசம் கலந்த ரசாயனமும் இருக்கும். அது குழலைத் துருப்பிடிக்க வைப்பது இல்லை. ஆனால் பித்தளைக்குப் பகை. பாதரசம் பட்ட பித்தளைக் கூடு நொறுங்கும் தன்மை அடைந்துவிடும்.

அமெரிக்காவில் பலர் சுட்ட கூட்டை எறிவது இல்லை. புதுப் பொட்டும் மருந்தும் குண்டும் வைத்து மறுபடி பயன்படுத்துவார்கள். பாதரசம் பட்ட கூட்டை அப்படிப் பயன்படுத்தினால் அது பிளந்துவிடக்கூடும்.

கையும் கண்ணும் பத்திரம்

துரு பணத்துக்குத்தான் நஷ்டம். உடம்புக்கே ஆபத்தான விஷயங்களும் உண்டு.

பழைய தோட்டாவில் சில சமயம் விசையை இழுத்தால் "டக்" என்ற சத்தம் மட்டும் வரும். வெடிக்காது. "சொத்தைத் தோட்டா" என்று நினைத்து உடனே தாழைத் திறந்தால் ஆபத்து! பொட்டு மெதுவாக எரிந்து, தாமதித்து வெடிக்கக்கூடும். துப்பாக்கியை அசைக்காமல், ஆள் இல்லாத பக்கம் நீட்டியபடியே 30 விநாடியாவது காத்திருக்க வேண்டும் என்பது விதி.

வெடிமருந்தும் கெட்டுப்போகும். வெயிலிலும் வெக்கையிலும் கிடந்த தோட்டாவில் மருந்து சிதையும். திறந்தால் புளிப்பு நெடி அடிக்கும். கூட்டில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். அத்தகைய தோட்டாவைச் சுடவே கூடாது. அழுத்தம் அளவுக்கு மீறினால் துப்பாக்கி உடைந்து, அருகில் இருக்கும் முகமும் கண்ணும் பாழாகும்.

பார்த்து வாங்கு!

அனுபவம் உள்ளவர்கள் விலையை மட்டும் பார்ப்பது இல்லை.

கூட்டின் அடியைப் பார்க்கிறார்கள். அங்கே தொழிற்சாலையின் குறியும் ஆண்டும் பொறித்திருக்கும். எந்த ஆலை எந்த ஆண்டில் எந்தப் பொட்டு வைத்தது என்பதற்குப் பட்டியல்கள் உண்டு. சந்தேகம் இருந்தால் உப்புப் பொட்டு என்றே வைத்துக்கொண்டு கழுவிவிடுகிறார்கள்.

காந்தத்தைக் குண்டின்மீது வைத்துப் பார்க்கிறார்கள். ஒட்டிக்கொண்டால் குண்டின் மேலுறையிலோ உள்ளேயோ இரும்பு இருக்கிறது. அதைப் பல மைதானங்களில் அனுமதிப்பது இல்லை. இரும்புப் பலகைக் குறிகளைக் கெடுக்கும். பொறி பறந்து காய்ந்த புல்லில் தீப் பிடிக்கும் என்ற பயமும் உண்டு.

"உப்பு இல்லாத தோட்டா" என்று விற்பவர் சொல்வதை அப்படியே நம்புவதும் இல்லை. அவரும் பெட்டியைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்!

நம் நாட்டுத் தொடர்பு

நம் நாட்டில் இப்படிப் பெட்டி பெட்டியாகத் தோட்டா வாங்க முடியாது. துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். பட்டாளத்துத் தோட்டா கடைச் சரக்கு அல்ல.

ஆனால் இந்தக் கதையோடு நமக்கும் சம்பந்தம் உண்டு.

பிரிட்டிஷ் பட்டாளத்தின் ".303" துப்பாக்கித் தோட்டாவில் நெடுங்காலம் போட்டது "கார்டைட்" என்ற மருந்து. நூல் நூலாக, கயிறுபோல் இருப்பதால் அந்தப் பெயர். அந்த மருந்தைச் செய்ய நீலகிரியில் அருவங்காட்டில் ஒரு தொழிற்சாலை 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. ஊட்டி ரயிலில் போகிறவர்கள் குன்னூரைத் தாண்டியதும் அருவங்காடு நிலையத்தைப் பார்க்கலாம். அது இன்றும் பட்டாளத்துக்கு மருந்து செய்யும் ஊர்.

கல்கத்தாவுக்குப் பக்கத்தில் இச்சாப்பூரில் நம் அரசாங்கத் துப்பாக்கி ஆலை இருக்கிறது. 1960-களில் அங்கே செய்த துப்பாக்கிகள் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றபின் அமெரிக்காவுக்கு விலைபோயின. இன்று அங்கே சேகரிப்பவர்களின் அலமாரியில் அவை நிற்கின்றன.

மலிவு தீர்ந்த காலம்

கிழக்கு ஐரோப்பியக் கிடங்குகள் வற்றிவிட்டன. 2021-ல் ரஷ்யத் தோட்டா இறக்குமதிக்குப் புது அனுமதி கொடுப்பதை அமெரிக்க அரசாங்கம் நிறுத்தியது. 2022-ல் உக்ரைன் போர் மூண்டது. மிச்சம் இருந்த தோட்டாவுக்கும் போர்க்களத்தில் வேலை வந்துவிட்டது.

100 டாலருக்குக் கிடைத்த மோசின் துப்பாக்கி இன்று பல மடங்கு விலை. "கெட்டால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்" என்று அலட்சியமாக இருந்தவர்கள் இன்று வருந்துகிறார்கள். சுத்தமான குழல் உள்ள துப்பாக்கிக்கு நல்ல விலை. உள்ளே அரித்துப்போன துப்பாக்கியை வாங்குவார் இல்லை.

இதில் ஓர் உண்மையை மறந்துவிடக் கூடாது. அந்தத் துப்பாக்கிகளில் பல, போர்க்களத்தின் பனியையும் சேற்றையும் தாங்கியவை. இதே உப்புத் தோட்டாவைத்தான் சுட்டன. ஆனாலும் 70, 80 ஆண்டுகள் பிழைத்து வந்தன. யாரோ ஒரு பெயர் தெரியாத சிப்பாய், களைப்போடு களைப்பாக, அன்றன்றே கழுவி வைத்ததால் பிழைத்தன.

போரில் பிழைத்த துப்பாக்கி, ஒரு சனிக்கிழமைச் சோம்பலில் பாழாகிறது!

மலிவுத் தோட்டா மோசம் என்று சொல்வதற்கு இல்லை. அதன் விலையில் பாதியைத்தான் கடையில் கொடுக்கிறோம். மீதிப் பாதியை வீட்டுக்கு வந்து, ஒரு கெண்டி வெந்நீராலும் அரை மணி நேர உழைப்பாலும் கொடுக்க வேண்டும்.

அந்தப் பாதியைக் கொடுக்காதவரிடம், உப்பு முழுவதையும் வசூலித்துவிடும்.